தாவூது வரைந்த கடல்குதிரை

அன்புத் தோஸ்து தாவூதுக்கு,

நீ இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்றிருந்தேன். இப்போது உன் முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அதுவே வெட்கக்கேடுதான்.

பெரியப்பாவின் புதுப் படகுக்குக் 'கடல்குதிரை' என்று பெயர். ஜட்கா வண்டிகளுக்குப் படம் போடும் உன்னை, அதில் படம் வரைய ராயபுரம் கரைக்கு அழைத்து வந்தது நான். "மாமு, கடல்குதிரைன்னா இன்னா? எப்டி கீது?" என்று கேட்டாய். வலையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "குதிரதான்டா, கடல்ல கீது, அவ்ளோதான்" என்றேன். வலையில் சிக்கிய சுண்டுவிரல் நீளக் கடல்குதிரை ஒன்று, காய்ந்துபோய், என் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து வந்து காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்று நாள் வரைந்தாய். நிஜக் குதிரை. பிடரியில் கடல்பாசி, பின்னங்காலுக்குப் பதில் மீன் வால், செதிலுக்குச் செதில் தங்க நிறம், கழுத்தில் முத்தும் மல்லிகையும். வயிற்றுக்குள் விளக்கேற்றிய குட்டித் துறைமுகம் வேறு. கண் மட்டும் ஜட்காவில் பூட்டிய குதிரையின் களைத்த கண். பார்த்து அசந்துபோனேன், ஆனால் உன்னிடம் சொல்லவில்லை.

சர்ச் சாமியார் படகை மந்திரிக்க வந்த அன்று கரையே சிரித்தது. "இன்னாடா இது, ரேஸ் குதிரைக்கு வாலு மொளச்சிகீது. கடல்குதிரை எப்டி இருக்கும்னு நீ சொல்லலியா?" என்றார் பெரியப்பா. அந்தப் படகில் எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. "சொன்னேன் பெரியப்பா. அவன்தான் கேக்கல."

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு, "ஆமா நைனா, நாந்தான் சரியா காதுல வாங்கல" என்று பிரஷ்களைத் துணியில் சுற்றினாய். ஏன்டா அப்படிச் சொன்னாய்? நாலு வார்த்தை திட்டியிருந்தால் இத்தனை வருஷம் உறுத்தாது. மறுநாள் உன் குதிரைமேல் தார் பூசியவனும் நான்தான்.

அப்புறம் நீ கரைப்பக்கமே வரவில்லை. சொன்னதைக் கேட்காத ஆள் என்று பெயராகி, இங்கே யாரும் உன்னை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. நீ மவுத்தான அன்று கூட்டத்தின் கடைசியில் நின்றேன். உன்னைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்க எனக்கு முகமில்லை.

ஒரு சேதி. இந்த மழையில் தார் உரிந்து குதிரையின் கண் வெளியே வந்திருக்கிறது. "யார்யா வரைஞ்சது, உசுரோட பாக்குது" என்றாள் என் மனைவி. உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா மறுபடியும் தார் பூசச் சொல்லியிருக்கிறார்.

பூச மாட்டேன். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கரையில் இருக்கும்போது அவர் முன்னாலேயே சொல்வேன்: தாவூது கேட்டான், நான்தான் சொல்லல. படகில் இடம் போனால் போகட்டும். அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு நீ தூங்கும் கபர்ஸ்தானுக்கு வருகிறேன். எப்டி கீதுன்னு நீ கேட்டாயே, காட்டுகிறேன்.

நீ வாய் நிறைய 'மாமு' என்று கூப்பிட்ட,
அந்தோணி