தடுத்ததற்கு மன்னிப்பா?

வினிபெக்,
ஞாயிறு மாலை

என் செல்ல மகள் ஜோவிக்கு,

பிராண்டனில் நீ நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே பனி கொட்டித் தீர்க்கிறது. கோயில் விருந்தில் மீந்த பன்சித் நூடுல்ஸ் முழுவதையும் உன் அப்பாவே தின்று தீர்த்துவிட்டு, வாசலில் பனி தள்ள முடியவில்லை என்று முனகுகிறார்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நர்ஸ் பயிற்சிக்கு வந்தவள் நோயாளியின் முன்னால் தன்னை அதட்டிவிட்டாள், மன்னிப்புக் கேட்கட்டும் என்று உன்னை மேற்பார்க்கும் டெபோரா நர்ஸ் பிடிவாதமாக நிற்கிறாராம். கேட்காவிட்டால் பயிற்சியில் தேறவிடமாட்டாரோ என்று பயப்படுகிறாய். அப்பாவிடம் சொன்னேன். "ஒரு சாரி சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? சொல்லிட்டுப் போகச் சொல்லு" என்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊசி போடுமுன், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று டெபோரா கேட்டிருக்கிறார். படுக்கையில் இருந்த பெர்தோ பெரியவர் புருவத்தை மட்டும் தூக்கியிருக்கிறார். நம் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு 'ஆமாம்' சொல்ல வாய் எதற்கு? பாவம், டெபோராவுக்கு அது எங்கே தெரியும்? பதில் இல்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று ஊசியை எடுத்துவிட்டார். அந்த அறையில் விஷயம் புரிந்தவள் நீ ஒருத்திதான்.

"சாரி, ஒரு நிமிஷம்" என்றாய். காதில் விழவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றாய். "பாத்துக் கத்துக்கோ, வழிய மறிக்காத" என்றாராம். அதற்குப் பிறகுதானே "நிறுத்துங்க, அவர் ஆமான்னு சொல்றார்" என்று கையை நடுவில் நீட்டினாய்? பெரியவரிடம் வாய்விட்டுக் கேட்டபோது, முன்பு அதே ஊசியில் தொண்டை வீங்கிப் பிழைத்த மனிதர் என்று தெரிந்தது.

முதல் வருடம் கதவில் இடித்துக்கொண்டு கதவிடமே சாரி சொன்னவள் நீ. கவலையைச் சொல், கேட்காவிட்டால் அழுத்திச் சொல், அப்போதும் கேட்காவிட்டால் நிறுத்து என்று வகுப்பில் ஜோடி ஜோடியாக நிற்கவைத்துப் பழக்கினார்களே, பெரியவர்களை எதிர்த்துப் பேசவும் பாடமா என்று நான் கேலி செய்தேன். போன வருடம் "இன்னிக்கு டாக்டர்கிட்டயே சந்தேகம் கேட்டேம்மா" என்று நீ போனில் துள்ளியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குரல் உயர்ந்ததற்கு வருத்தம் என்று வேண்டுமானால் சொல். தடுத்ததற்குச் சொல்லாதே. டெபோரா முந்திக்கொள்வதற்குள் உன் ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொல்.

இனி எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. என் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. டாக்டர் என்னென்னவோ சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணு, அன்றைக்கு நீ என் பக்கத்தில் வந்து உட்கார். எனக்காகக் கேள்.

ஆண்டவர் உன் நாவுக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
நெனிதா