இரட்டையரில் மிஞ்சிய ஒற்றைச் செருப்பு

உலகத்தாருக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், உன் ஹெட்போனின் இடது காதுப் பஞ்சு இன்று காலை பத்தேகாலுக்கு உதிர்ந்துவிட்டது. நம் பேட்டை மண்டி மொஹல்லாவில் கடையடைப்பு எதுவும் இல்லை. ஆட்டோக்காரர்கள் வழக்கம்போல் ஹாரன் அடித்தார்கள்.

பஞ்சில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் நாற்றம். நீ போய் நாலு மாதமாகிறது. காய்ச்சல் என்று ஐந்து நாள் படுத்தாய், அப்படியே கிளம்பிவிட்டாய். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்கிறவனுக்கு இதில் மட்டும் என்ன அவசரம்?

மெதுவு என்றால் கொஞ்சநஞ்ச மெதுவா? தாளத்துக்கு ஒரு கைதட்டல் ஒலியைத் தேர்ந்தெடுக்க ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துக்கொள்வாய். நானூறு கேட்டுவிட்டு, "இது ஈரமா இருக்குதுடா, வேற பாக்கலாம்" என்பாய். கைதட்டல் என்ன, கொடியில் காயும் சட்டையா? நம் எலக்ட்ரானிக் இசை இரட்டையரில் வேலைப் பங்கீடு தெளிவானது. நீ இசையமைப்பாய், நான் வசையமைப்பேன்.

நம் முதல் படத்தின் டைரக்டரை மறந்திருக்க மாட்டாய். "சோகமா வேணும், ஆனா டான்ஸ் ஆடற மாதிரி" என்று கேட்ட மேதை. தாளம் தப்பாமலிருக்க நமக்காக ஓடவிடும் டிக் டிக்கை அணைக்காமலே பின்னணி இசையை அனுப்பித் தொலைத்தோம். தியேட்டரில் போட்டுப் பார்த்தால் ஹீரோவின் அப்பா சாகிறார், டிக் டிக். காதலி அழுகிறாள், டிக் டிக். இண்டிகேட்டரை அணைக்க மறந்த ஆட்டோ மாதிரி படம் முழுக்க. விளக்கு வந்ததும் மேதை கண்ணைத் துடைத்தார். "அந்த டிக் டிக்! காலம் நடக்கற சத்தம், குரு! சக்கத், பிரமாதம்!"

நீ என் தொடையைக் கிள்ளினாய். "வாயத் தொறக்காதே. கலைன்னுட்டான்."

அதே மேதை போன மாதம் இரண்டாவது படத்தோடு வந்தார். "ஜோடில ஒருத்தர் இல்லையே, உன்னால ஆகுமாப்பா? பத்து நாள் டைம். இல்லேன்னா பெங்களூர்ல ஆள் இருக்கு."

"சார், அவன் லேப்டாப் வெச்சிருந்தான், நான் மூளை வெச்சிருந்தேன்" என்றேன்.

லேப்டாப்பும் இப்போது என்னிடம்தான். கொள்ளேகாலிலிருந்து உன் அம்மா பஸ்ஸில் கொண்டுவந்தார். "நீயே வெச்சுக்க சாமி. வூட்டுல இருந்தா அதையே பாத்துட்டு உக்காந்துக்கறேன்." பேட்டரி சரியில்லையே என்று அவரிடமே குறை சொன்னேன். நான் அப்படித்தான்.

தனியாகவே முடித்தேன். பின்னணி முழுக்க என் கைவரிசை என்று டீக்கடை வரை சொல்லியாயிற்று. மேதை போனில் மூக்கை உறிஞ்சினார். "கிளைமாக்ஸ்ல அழுதுட்டேன்ப்பா. டைட்டில்ல உன் பேர் மட்டும் போடறேன். இல்லாத ஆளுக்கு எதுக்கு கார்டு?"

இங்கே கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

உண்மையில், நான் போட்ட பதினொரு மெட்டையும் கேட்டுவிட்டு மேதை, "இது ரிங்டோனாப்பா?" என்றுதான் கேட்டார். பத்தாம் நாள் வேறு வழியில்லாமல், உன் லேப்டாப்பில் 'குப்பை' என்று நீ பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். அவர் அழுதது உன் குப்பைக்கு.

இன்று அவரைக் கூப்பிட்டு, "கார்டுல ரெண்டு பேர். அவன் பேர் முதல்ல" என்றேன். "நட்புன்னா இது!" என்று உருகினார். நட்பாவது மண்ணாவது. அந்தக் கிளைமாக்ஸில் அரை நிமிஷம் குறைக்க வேண்டுமாம். மூன்று நாளாகத் திறந்து வைத்துப் பார்க்கிறேன். எங்கே கை வைத்தாலும் அழுகை போய்விடுகிறது. நீ வெட்டி ஒட்டிய இத்தனை வருஷமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் திரையைப் பார்த்ததில்லை.

எங்கேடா வெட்டுவது?