மூன்று கிலோ லேப்டாப்

ரங்கெல்,

அடைத்த குடமிளகாய் அடுப்பில் இருக்கிறது, தயிர் ஊற்றிச் சாப்பிடு. வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு டோன்காவிடம் கொடு.

லேப்டாப்பை மேஜையிலேயே விட்டுவிட்டேன். திரைச்சீலை டிசைன் காட்ட, லிஃப்ட் இல்லாத மாடிகளில் ஏறி இறங்குகிறவள் நான். கைக்கு அடக்கமாக ஒன்று கேட்டேன். நீ உன் கேமுக்குத் தோதாகப் பார்த்து மூன்று கிலோவில் வாங்கினாய். கடைக்காரன் "உங்க வீட்டம்மாவுக்குக் கனமா இருக்குமே" என்றதற்கு, "அவ குதிரைய்யா, தூக்கிடுவா" என்று என் எதிரிலேயே சிரித்தாய்.

இன்று துணி மாதிரிகளை மட்டும் கொண்டுபோகிறேன். நீ நிம்மதியாக விளையாடு.

— ஸ்தேஃப்கா

தோள்வலித் தைலத்தைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

இன்னொன்று. நேற்று நான் லேப்டாப்போடு மாடிப்படியில் விழுந்தபோது பதறி ஓடிவந்தாய். முதலில் அதைத்தான் தூக்கினாய்.