வெயிலில் செவிடாகும் இளவரசன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அண்டசராசரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முடிவுக்காகக் காத்திருந்தது. விஷயம் இதுதான்: காரின் கதவுக் கைப்பிடிக்குள் ஒரு சிப் வைக்க வேண்டும். அட்டையையோ போனையோ காட்டினால் அது படித்துப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று தெரிந்தால் கதவைத் திறந்துவிடும். ஓட்டுநர் இல்லாமல் கார் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. எங்கள் பட்டறைக்கு, அதாவது என் அக்கா மகளுக்கு, அவள்தான் முதலாளி, கையில் இருக்கும் ஒரே ஆர்டர். இது போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

பரிசோதனைத் துறையின் அமைச்சர், தளபதி, கடைசிச் சிப்பாய் எல்லாம் அடியேன். என் கையெழுத்து இல்லாமல் மாதிரி வாசலைத் தாண்டாது.

களத்தில் இருவர், இரண்டு வகைச் சிப்கள். இளவரசன்: நகத்தளவு உடம்பு, போனை நாலு விரல் தள்ளிக் காட்டினாலே மோப்பம் பிடிப்பான். எருமை: பெருத்த உடம்பு, மந்தம், போனை மூக்கில் இடித்தால்தான் கண் திறப்பான். ஆனால் வண்டிக்கென்றே செய்யப்பட்டவன். எரிமலையில் போட்டாலும் புரண்டு படுப்பான். மொத்தமாகக் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம்.

அக்கா மகளுக்கு இளவரசன்மேல் காதல்.

மார்ச் 9, திங்கள்

மேசைமேல் இளவரசன் முதல் மாணவன். நான் காட்டிய பஸ் பாஸைக்கூடப் படித்துவிட்டான்.

மார்ச் 12, வியாழன்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சோதனைக்கென்று வாங்கிய ஓட்டைக் காரில் இளவரசனை மாட்டி, கதவைத் திறந்துபோட்டு மொட்டை வெயிலில் காயவிட்டு, மதியம் மீட்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பி இழுப்பதற்காக உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றியிருந்தோம். மறுபக்கக் கதவு திறந்ததைப் பார்த்தவர் பூமியில் இல்லை. கண்ணாடியும் இறங்காது. அக்கா மகள் வெளியிலிருந்து அட்டையைக் காட்டினாள். சத்தமே இல்லை. போனைக் காட்டினாள். ம்ஹும்.

"மாமா, விளையாடாதீங்க. உள்ளேருந்து எதையாவது பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்ல தாயே, வெந்துகிட்டிருக்கேன்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆயுசு முழுக்கக் குறும்பு பண்ணியவன் கத்தினால் யார் நம்புவார்கள்? அப்புறம் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைத் தட்டக் கை எழவில்லை. அவள் முகம் மாறியது தெரிந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து மெக்கானிக் ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்து இழுத்துப் போட்டாராம். "பெரிசு, இது கார்யா, அடுப்பில்ல" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மார்ச் 13, வெள்ளி

வெளிக் கைப்பிடியைச் சிப்போடு கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தாள். அட்டை, டக். போன், டக். பரம சாது.

"பாத்தீங்களா? நல்லாத்தான் இருக்கு. வயரிங்லதான் கோளாறு."

இல்லை. கறுப்புக் கைப்பிடி வெயிலில் காய்கிறது. போதாததற்குச் சிப் தன் சூட்டையும் சேர்த்துக்கொள்கிறது. தாங்காமல் தானே அணைந்துவிடுகிறது. நிழலுக்கு வந்து ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல் உட்கார்ந்திருக்கிறது. மேசைமேல் எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடாத திருடன்.

மார்ச் 16, திங்கள்

வாடகைக் கார் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி வந்தார். வெயிலைப் பற்றிச் சொன்னேன்.

"எங்க வண்டியெல்லாம் நிழல்லதான் சார் நிக்கும்."

"சூரியன்கிட்ட எழுதி வாங்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்ட அறிக்கை வேண்டுமாம். எருமைக்காகக் காத்திருக்க முடியாதாம்.

அவர் போனதும் அவள் என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றாள். "போட்டுடுங்க மாமா. ஆர்டர் கைக்கு வரட்டும், பின்னால சரி பண்ணிக்கலாம். அஞ்சு பேரு என்னை நம்பி இருக்காங்க."

கண்ணுக்குக் கீழே கருவளையம். சின்ன வயதில் என் தோளில் ஏறி ஊரையே அதட்டிய பிள்ளை.

மார்ச் 18, புதன்

போட்டால் என்ன? ஒரு கோடு, ஒரு சுழி.

யாரோ ஒருத்தி குழந்தையைப் பின்சீட்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவாள். ஒரே நிமிஷம்தான் என்று. திரும்பி வந்து அட்டையைக் காட்டுவாள். மறுபடி காட்டுவாள். பக்கத்தில் ஸ்பேனரோடு ஆள் இருப்பானா?

ஐயோ, எனக்கு ஏன் இந்த வேலை.

மார்ச் 20, வெள்ளி

'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க எனக்கு மாமாவா, எதிரியா?"

அறிக்கையை அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஆர்டர் போய்விட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

இரண்டு பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் என்னைச் 'சார்' என்கிறாள். "ரிப்போர்ட் ரெடியா சார்?" சாட்டையால் நாலு போட்டிருந்தால்கூட மேல்.

மே 5, செவ்வாய்

லாரிக்காரர் ஒருவர் வந்தார். ஓட்டுநர் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்க வேண்டும். சின்ன ஆர்டர்தான். என் அபிப்பிராயத்தைக் கேட்காமலே எருமையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது கொஞ்சம் மெதுவாத்தாங்க படிக்கும். மொத்தமா வர நாளாகும்."

"வெயில் தாங்குமாம்மா? எங்க வண்டி ரோட்டுலயே கெடக்கும்."

"வண்டியில மாட்டி வெயில்ல நிறுத்தி, உள்ள ஆளை உக்கார வச்சுப் பாத்துட்டுத்தான் கொடுப்போம்."

நான் பெருமூச்சுவிட்டு எழுந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இல்ல. நான் உக்காருறேன். நீங்க வெளியிலேருந்து திறங்க, மாமா."

ஓட்டைக் காரின் உள்பக்கக் கைப்பிடியை நாளைக்கே மாட்டிவிட வேண்டும்.