வெள்ளிக்கிழமை நாலு மணிவரை

வேலணை
2024 யூலை 14, ஞாயிறு

அன்புள்ள லோஜனா,

ஒருத்தி தன் வேலையை விடவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறாள்? வங்கி முகாமையாளர் கதிரையை விட்டு எழும்பி, நெடுந்தீவுக்கு மாடு வளர்க்கப் போனவள் நீர். உமக்குத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் உம்மைப் பைத்தியம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இன்று உம்மிடமே கேட்கிறேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளும்.

என் வேலை உமக்குத் தெரியும். தீவுகளிலிருந்து வரும் நிவாரண விண்ணப்பங்களை வாசித்துப் பதில் எழுதுவது. இருபத்திரண்டு வருடமாக ஒரே வசனம்: ‘தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.’ சென்ற செவ்வாய் எழுவைதீவிலிருந்து அன்னமுத்து என்ற அம்மா வந்தார். கணவரின் சிறுநீரக வருத்தத்துக்கு உதவி கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர். நான் அனுப்பிய ஒன்பது பதில்களையும் சொப்பிங் பையிலிருந்து எடுத்து என் மேசையில் அடுக்கினார்.

“இந்தா பிள்ளை, உன்ர கடுதாசியள். எல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கிறாய். அவர் செத்து முப்பத்தோராம் நாளும் முடிஞ்சுது. இனி எனக்கு இதுகள் என்னத்துக்கு?”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. பத்தாவது பதிலில் அன்று காலைதான் ஒப்பமிட்டிருந்தேன். அவர் போகும்வரை அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நித்திரை இல்லை. யாழ்ப்பாணம் போகும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறினவுடனே நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. அலுவலக மலசலகூடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். விருப்ப ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் பொறுக்கவேண்டும். இப்போது விலகினால் ஓய்வூதியம் இல்லை. என் அம்மாவும் போய்விட்டார், யாருக்காகப் பொறுக்கிறேன் என்றும் தெரியவில்லை.

உமது போன் வேலை செய்யவில்லை. அதனால் இதை நெடுந்தீவுப் படகில் வேலை செய்யும் குருசுமுத்து அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். உண்மையைச் சொல்லும். அங்கே வாழ்க்கை நன்றாக இருக்கிறதா?

அம்பிகை


நெடுந்தீவு
யூலை 28

என் அம்பிகை,

குருசுமுத்து அண்ணை படகில் நின்றே உமது கடிதத்தைத் தூக்கிக் காட்டி, “தங்கச்சி, உமக்கு ஆரோ கலியாணம் பேசி எழுதியிருக்கினம்!” என்று கத்தினார். துறைமுகத்தில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வந்த முதல் சம்பந்தம் நீர்தான்.

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அது அடித்தால் வங்கி ஞாபகம் வருகிறது. நமக்குக் கடிதம் போதும்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறீர். நன்றாக இருக்கிறது. ஏழு மாடுகள். விடிய எழும்பிக் கறக்கிறேன். பின்னேரம் கல்வேலியில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்க்கிறேன். நித்திரைக் குளிசை விழுங்குவதை விட்டு எவ்வளவோ நாள். அப்பா தென்னிலங்கையில் கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு. நாலு அறைக்குள் நான் ஒருத்தி. கிழக்கு அறையை உமக்கென்று வெள்ளையடிக்கிறேன். இரண்டுபேராகத் தயிர் போட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம். உமது வடிவான எழுத்தைத் தயிர்ப் போத்தலில் ஒட்டுவோம். அதை வாசித்து ஒருவரும் சாகமாட்டார்கள்.

வாரும். யோசித்து யோசித்தே கிழவியாகிவிடாதையும்.

லோஜனா


வேலணை
ஓகஸ்ட் 18

அன்புள்ள லோஜனா,

உமது கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில் எடுத்து வாசிக்கிறேன். நெஞ்சு அடிப்பது கொஞ்சம் குறைகிறது.

ஆனாலும் என் குணம் உமக்குத் தெரியும். இங்கே வேலணையிலேயே வயல் வெடித்துக் கிடக்கிறது. நெடுந்தீவில் ஏழு மாட்டுக்குப் புல் எங்கே? தண்ணீர் எங்கே? குறை பிடிக்கக் கேட்கவில்லை. வருவதானால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரவேண்டும். திரும்பிப் போக ஒரு கதிரையும் இருக்காது.

இராஜினாமாக் கடிதத்தை எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை. உமது பதிலைப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

அம்பிகை


நெடுந்தீவு
ஓகஸ்ட் 30

என் அம்பிகை,

கம்பஸிலும் பேராசிரியரை இப்படித்தான் குறுக்குக் கேள்வி கேட்பீர். வைக்கோல் படகில் வருகிறது. தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. பால் பொங்கி வழிகிறது, அயலுக்கெல்லாம் கொடுக்கிறேன். மாடுகள் என்னைக் கண்டால் கன்றுமாதிரி ஓடிவருகின்றன.

கடிதத்தைக் கொடும். கொடுத்துவிட்டு வாரும். கொஞ்சம் கெதியாய் வாரும், அம்பிகை.

லோஜனா


வேலணை
செப்டெம்பர் 9, திங்கள்

லோஜனா,

இன்று காலை கொடுத்தேன். பணிப்பாளர் அரியநாயகம் சேர் இரண்டுதரம் வாசித்தார்.

“விட்டிட்டு எங்கை போகப்போறீர்?”

“மாடு வளர்க்க, சேர்.”

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நீர் அவசரத்திலை ஒண்டும் செய்யிற ஆளில்லையே. வெள்ளிக்கிழமை நாலு மணிவரைக்கும் இதை என்ர மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன். மனம் மாறினால் வந்து எடும். அதுக்குப் பிறகு மேலிடத்துக்குப் போயிடும். பிறகு என்னாலையும் ஒண்டும் ஏலாது.”

வெளியே வந்தபோது, பாரம் இறக்கியவள்போல இருந்தேன். அது மத்தியானம்வரைதான். மத்தியானம் நெடுந்தீவிலிருந்து வறட்சியில் இறந்த கால்நடைகளின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. பதினேழாவது பெயர் கனகசபை லோஜனா. இறந்த மாடுகள் ஆறு. பக்கத்தில் உமது ஒப்பம். பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பது கம்பஸ் நாளிலிருந்து உமது பழக்கம். திகதி ஓகஸ்ட் 30. பால் பொங்கி வழிகிறது என்று எனக்கு எழுதிய அதே நாள்.

ஏன்?

அம்பிகை


நெடுந்தீவு
செப்டெம்பர் 11

அம்பிகை,

ஓம். ஆறும் போய்விட்டன. யூனிலேயே புல் கருகிவிட்டது. உமது முதற் கடிதம் வந்த கிழமைதான் முதலாவது விழுந்தது.

போனைப் பூட்டி வைத்தது வங்கிக்காக இல்லை. குரலைக் கேட்டால் நீர் கண்டுபிடித்துவிடுவீர். கடிதத்தில் என்னவும் எழுதலாம், உமக்குத் தெரியாததா? நீர் வந்துவிட்டால் நான் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். அந்த அறைக்கு வெள்ளையடித்தது மட்டும் பொய்யில்லை.

கிணறு உப்பாகிவிட்டது. மிஞ்சிய மாட்டின் கயிற்றை இன்று அவிழ்த்துவிட்டேன். அது எங்கேயாவது போய்ப் பிழைக்கட்டும். வீட்டைப் பூட்டுகிற திறப்பைப் பக்கத்து வளவு மேரிஜோசப்பின் என்ற அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நீர் உமது கடிதத்தைத் திரும்ப எடும். என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

லோஜனா


வேலணை
செப்டெம்பர் 12, வியாழன்

லோஜனா,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

நான் அன்னமுத்து அம்மாவுக்குச் செய்ததை நீர் எனக்குச் செய்திருக்கிறீர். வடிவான கடிதங்கள். அவற்றை நம்பி இருபத்திரண்டு வருடத்தை ஒரு லாச்சிக்குள் கொண்டுபோய் வைத்தேன். நாளை ஏழு மணி பஸ்ஸில் போய் அதை எடுத்துக் கிழிக்கப்போகிறேன். பிறகு அதே மேசை, அதே வசனம். ஏழு வருடம். இனி எனக்கு எழுதாதையும்.

இந்த இடத்தில் முடித்து ஒப்பமிட இருந்தேன். உமது கடிதத்தை இன்னொருதரம் வாசித்தேன். விண்ணப்பம் வாசித்துப் பழகிய கண். சொல்லாமல் விட்டதுதான் முதலில் தெரியும். திறப்பை ஏன் கொடுத்தீர்? எங்கே போகப்போகிறீர்?


மறுநாள், வெள்ளி

அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் அலுவலகப் பழக்கம்.

காலை ஏழு மணிக்குச் சந்தியில் நின்றேன். யாழ்ப்பாண பஸ் வந்தது. நடத்துநர், “அக்கா, ஏறேல்லையோ?” என்றார். ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி எங்கள் கிணற்றில் இரண்டு பிளாஸ்டிக் கானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகும் குறிகட்டுவான் துறைமுக பஸ்ஸைப் பிடித்தேன். படகில் குருசுமுத்து அண்ணை கான்களைத் தூக்கி வைத்தார்.

“என்ன தங்கச்சி, கடலுக்குத் தண்ணி காணாதெண்டு கொண்டுபோறீரோ?”

நான் சிரிக்கவில்லை. அவர் கான்களைச் சரியாமல் கயிற்றால் கட்டிவைத்தார்.

நீர் அவிழ்த்துவிட்ட மாடு எங்கேயும் போகவில்லை. உமது படலைக்கு முன்னால் நின்றது. விலா எலும்பை எண்ணலாம். கதவு உட்பக்கம் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். தட்டினேன். மேரிஜோசப்பின் அக்கா திறப்போடு ஓடிவந்தார். உள்ளே தாழ் போட்டிருந்தது, திறப்பு உதவவில்லை. இனி என்ன செய்வதென்று தெரியாமல், முற்றத்தில் கிடந்த கிடாரத்தில் ஒரு கானைச் சரித்து மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அந்தச் சத்தத்துக்குக் கதவு திறந்தது.

“முழுக்க ஊத்தாதையும். அது உப்புத் தண்ணிக்குப் பழகீட்டுது. நல்லதை வீணாக்காதையும்.”

உமது குரலை இரண்டரை மாதத்துக்குப் பிறகு கேட்டேன். நீர் சொன்னது சரி. கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

“எனக்கும் விடாய்க்குது” என்றேன்.

“எண்டால் உள்ளுக்கை வாரும்.”

இரண்டரை மணிப் படகு போய்விட்டது. அது கடைசிப் படகு. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க அரியநாயகம் சேர் போன் எடுத்தார். “அம்பிகை, நேரம் போகுது. வாறீரோ?” “இல்லை, சேர்” என்றேன். நாலு மணிக்கு நீர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் மாட்டைக் கட்டையில் கட்டிக்கொண்டிருந்தேன். இது நல்ல முடிவா என்று என்னைக் கேட்கவேண்டாம். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

பொழுதுபடுகிறது. நீர் நடு அறையில் சுருண்டு படுத்திருக்கிறீர். என் பையை வைக்கக் கிழக்கு அறைக்குப் போனேன். வெள்ளையடித்திருந்தது உண்மைதான். ஒரு சுவருக்கு.

அம்பிகை