காத்தாயி காலில் நாம் போட்ட திருகாணிகள்

டாக்டர்,

இன்று காலை உங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பஞ்சைப் பிரித்ததும் கார்பாலிக் வாடை. உங்கள் கோட்டில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே வாடைதான். நீங்கள்தான் பட்டறை வாசலில் வந்து நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். வாசலில் வெயில்தான் இருந்தது. பஞ்சுக்குள் ஒரு திருகாணி. தலையில் இருந்த கீறல் இரு பக்கமும் பிய்ந்து, துருவேறி, நாய் கடித்துத் துப்பிய மாதிரி கிடந்தது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது டாக்டர் ஆளிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்: இதே மாதிரி இன்னும் சில, ஒருவனுடைய தொடை எலும்பில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றனவாம். நன்றாகக் கவ்விப் பிடிக்கிற திருப்புளி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்கிறார்.

வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு நானே குனிந்து தேடி எடுத்தேன். திருப்புளி செய்து கொடுக்கத்தான் போகிறேன், அந்தத் தொடைக்கு இப்போது வேறு வழியில்லை. புது டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், கையில் கிடைத்ததை வைத்து மல்லுக்கட்டுகிறார். நாம் இரண்டு பேரும் அத்தனை பாடுபட்ட பிறகும் அதே கீறல் போட்ட ஆணியை அதே பெட்டியில் வைத்து இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபமெல்லாம்.

நீங்கள் முதல்முதலாக என்னைத் தேடி வந்ததும் இப்படி ஓர் ஆணியோடுதான். நான் ஜொகூரில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் ஆலையில் இயந்திரப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தேன். நீங்கள் பத்து பாகாட் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர். வாரம் ஒருமுறை எங்கள் தோட்டங்களுக்கு வந்து போவீர்கள், ஆனால் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. அன்று வணக்கம்கூடச் சொல்லாமல் என் மேசை மேல் ஆணியைப் போட்டீர்கள்.

"இதைப் பாரும் காணும். இதைச் செய்தவன் பூட்டுறதுக்கு மட்டுந்தான் படிச்சிருக்கிறான். கழட்டுறதுக்கு அவன்ர அப்பன் வரோணுமோ?"

"என்ன டாக்டர், இது எந்த மெஷின்ல இருந்தது?" என்று கேட்டேன்.

"காத்தாயிட காலிலை இருந்தது."

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள் காத்தாயி. மழைநாளில் பால்வாளிகளோடு மேட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு பெரிய டாக்டர் எஃகுத் தகடு வைத்து ஆணி முடுக்கி அனுப்பினார். எலும்பு சேர்ந்தது. ஆனால் தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது. தகட்டை எடுத்தாலொழிய ஆறாது என்று நீங்கள் அறுத்துப் பார்த்தால், எலும்பு வளர்ந்து ஆணிகளின் தலையை மூடியிருந்தது. கீறலுக்குள்ளும் எலும்பு. சுரண்டி எடுத்துத் திருப்புளியை வைத்தால் கீறலின் துருவேறிய உதடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கடைசியில் உளி வைத்து எலும்பைச் செதுக்கித்தான் எடுக்க முடிந்தது. அதில் சேர்ந்திருந்த கால் மறுபடி ஒடிந்தது.

"கையாலை தடவினா மேடு தெரியக் கூடாதாம், எக்ஸ்ரே படத்திலை வடிவா இருக்கோணுமாம்" என்று பல்லைக் கடித்தீர்கள். "அதுக்காக ஆணித் தலையை எலும்புக்குள்ளை புதைச்சு வைச்சிருக்கிறார். அவருக்கென்ன, படத்தைப் பார்த்துப்போட்டுப் போயிட்டார். காலைத் தூக்கிக்கொண்டு திரியிறவள் அவள்தானே."

கோபப்படுகிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய மனிதர்கள் எரிந்து விழுவார்கள், அது வேறு. உங்களுடையது இன்னொருத்திக்காக வந்த கோபம். அன்றே நாம் சிநேகிதர்களாகிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஆணித் தலையைப் புதைக்காமல் சதுரமாக உயர்த்திவிடலாம் என்றேன் நான். கீறல் இருந்தால்தானே உதடு உடையும்? சுவர்க் கடிகாரத்துக்கு முடுக்குகிற மாதிரி ஒரு சாவி செய்து தலையை வெளியிலிருந்து கவ்வினால் நாலு பக்கமும் பிடி கிடைக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை ஒன்றிலிருந்து கிடைத்தது. கடைந்து முடித்ததும் இறைச்சிக் கடையில் மாட்டுக் காலெலும்பு ஒன்றை வாங்கி வந்து முடுக்கினோம், கழற்றினோம், முடுக்கினோம். வழுக்கிக்கொண்டு வந்தது. நீங்கள் என் முதுகில் தட்டினீர்கள், நான் கோப்பி வாங்கி வரச் சொன்னேன். மறுநாளே திரும்பி வந்தீர்கள், முகம் தொங்கிப்போயிருந்தது.

"செத்த எலும்பு வளராது காணும். ரெண்டு மடையரும் கொண்டாடியிருக்கிறம்."

உயிருள்ள எலும்பில் போட்டு, ஆறவிட்டு, பிறகு கழற்றிப் பார்க்க வேண்டும். காத்தாயியோ ஆஸ்பத்திரியில் மட்டை கட்டிக் கிடந்தாள், எலும்பு சேர்வதாக இல்லை. அவள் புருஷன் மருதையின் கொட்டகையில் ஒரு நல்ல கிடா நின்றது. கேட்டோம். டாக்டர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதன், ஓட்டி வந்துவிட்டான். காத்தாயியின் கால் ஆற வேண்டும் என்று முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது என்பதை அவனும் சொல்லவில்லை, நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. நேர்ந்துவிட்ட கிடாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பது லயத்து வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். உங்கள் ஊரிலும் கிடா வெட்டுகிறவர்கள் உண்டு, என் ஊரிலும் உண்டு. ஆனாலும் நாம் இருவரும் அதன் காலில் ஆணி முடுக்கிவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனோம்.

திருவிழா நெருங்கியபோது பூசாரி கிடாவின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே பட்டறைக்கு வந்தார். நல்லவேளை, நீங்களும் இருந்தீர்கள்.

"சாமிக்கு விட்ட கிடா காலுல இரும்ப ஏத்தி வச்சிருக்கீங்க. என்னா மருந்தோ எனக்குத் தெரியாதுங்க. கழட்டிக் குடுத்துருங்க. இல்லேன்னா சாமி வாங்காது."

ஆட்டை மயக்கி, சாவியை மாட்டித் திருப்பினீர்கள். தலையைச் சாவி நன்றாகக் கவ்வியது. அரைச் சுற்று வந்தது, பிறகு இறுகிவிட்டது. வியர்த்து ஊற்ற மல்லுக்கட்டி எடுத்துக் கொடுத்த ஆணியை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைக்குக் கீழே நாம் திருகுப் புரி வெட்டாமல் ஒல்லியாக விட்டிருந்த கழுத்தைச் சுற்றி எலும்பு வளர்ந்து அடைத்திருக்கிறது. உள்ளே போகும்போது ஆணியின் நுனி வழி வெட்டிக்கொண்டு போகிறது. வெளியே வரும்போது வெட்ட ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். புரி தொடங்குகிற மேல் பக்கத்திலும் கூர்மையாகப் பல் வெட்டிவிட்டால், வருகிற வழியைத் தானே வெட்டிக்கொண்டு வரும். அன்றைக்கே கடைந்தேன். கிடாவின் காலில் ஆணியைக் கழற்றிய அதே துளையில் புதிதைப் போட்டுப் பார்க்கலாமா என்பது போல நீங்கள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தீர்கள். பூசாரி இருக்கும் திசையைக் காட்டினேன், சாவியைக் கீழே வைத்துவிட்டீர்கள். பிறகு வேறோர் ஆட்டை விலைக்கு வாங்கி, இந்த முறை எல்லாம் விசாரித்துவிட்டு, போட்டு, ஆறவிட்டுக் கழற்றினோம். வெண்ணெயில் கத்தி போட்டு எடுத்த மாதிரி வந்தது.

முனியாண்டி கோயிலுக்கு நீங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றது எனக்கு இன்றும் சிரிப்பு. கிடாவின் புண் ஆறி முடி முளைத்திருந்தது. தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் அது உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது, சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. "எங்களையும் மன்னிச்சுப்போட்டார் போலை கிடக்கு" என்று என் காதில் சொன்னீர்கள்.

காத்தாயிக்கு நம்முடைய ஆணிகளைப் போட்டீர்கள். கால் சேர்ந்தது. "சீழ் பிடிச்ச கால். எலும்பு பிடிச்ச பிறகு இரும்பை உள்ளுக்கு வைச்சிருக்கக் கூடாது, கழட்டுவம்" என்று சொல்லியிருந்தீர்கள். அதற்குள் ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பால்மரத்தோடு பால்மரமாக நின்றவர்களைப் பழைய வாளியைப் போலத் தள்ளிவிட்டார்கள். அதில் காத்தாயி பெயரும் மருதை பெயரும் இருந்தன.

நீங்கள் தோட்டத் துரையிடம் போனீர்கள், நானும் கூட வந்தேன். ஆணியைக் கழற்ற ஒரு வாரம், ஒரே ஒரு கட்டில் கேட்டீர்கள். துரை ஜன்னல் வழியே பார்த்தார். காத்தாயி வெளியே நின்றுகொண்டிருந்தாள். நடக்கிறாளே, பிறகென்ன என்றார். அவள் போகிற ஊரில் இந்த ஆணியைக் கழற்றக் கருவி கிடையாது என்று நான் குறுக்கே சொன்னேன். அது அந்த ஊர்க் கவலை என்றார். உங்கள் மேலதிகாரியிடம் போனால் அவர் இன்னும் ஒருபடி மேலே. ஆலைப் பட்டறையில் கடைந்த ஆணியை நோயாளிக்குப் போட உமக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டாராம். பெட்டியில் வந்த ஆணி அவள் காலை இரண்டாவது முறை ஒடித்ததற்கு யார் அனுமதி கொடுத்தது? அதை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் காரை நிறுத்திவிட்டு நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "ஆட்டுக்குக் கழட்டினம், காணும். முனியாண்டி கழட்டச் சொன்னார், கழட்டினம். இவளுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை."

குளுவாங் ஸ்டேஷனில் ரயில் நின்றது. மூட்டை முடிச்சோடு ஜனம் நெரிந்தது. நீங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், நான் கடைந்த சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் காத்தாயியிடம் கொடுத்தீர்கள். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் இதைக் காட்டு. பிறகு காலைக் காட்டு. விளங்கிச்சோ?" என்றீர்கள். அவள் தாலிக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டாள். ரயில் போன பிறகும் நீங்கள் அங்கேயே நின்றீர்கள்.

அப்புறம் உங்களை மெர்சிங்குக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ரோடெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்க, அங்கேயே போய்விட்டீர்கள். செய்தி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆரம்பித்த ஆள் இருந்து பார்த்துவிட்டல்லவா போக வேண்டும்.

போன மாதம் காத்தாயி வந்தாள், டாக்டர். ரப்பர் விலை ஏறிவிட்டது, ஆள் வேண்டுமாம். அவளைத் தள்ளிய அதே தோட்டம் அவளையே தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டாக்டரய்யா பத்து பாகாட்டுலதான இருக்காங்க? நாளைக்கி லாரி போவுதாமே, போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்."

"அவரு தவறிட்டாரு காத்தாயி. மெர்சிங்ல, காய்ச்சல்ல."

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில சாவியக் காட்டுனேங்க. கடியாரத்துச் சாவியாம்மான்னு அந்த டாக்டரு சிரிச்சாரு. அப்புறம் அதையே மாட்டித் திருகுனாரு. ஒண்ணு விடாம வந்திருச்சு. யாரும்மா இத செஞ்சதுன்னாரு. எங்க ஊரு டாக்டருன்னேன்."

எங்கள் ஊர் என்று அவள் சொன்னது ஜொகூரை. இங்கிருந்துதான் அவளைத் துரத்தினார்கள்.

"கப்பலேத்துறதுக்கு முன்ன ஆள் சேக்குற டிப்போவுல கால அமுக்கிப் பாத்தாங்க. உள்ள கம்பி கிம்பி இருந்தா ஆள எடுக்க மாட்டாங்களாம். ஒண்ணும் இல்ல, ஏறுன்னுட்டாங்க."

இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். வெளியே தள்ளும்போது காலில் இரும்பு கிடந்தால் அது அந்த ஊர்க் கவலை. உள்ளே இழுக்கும்போது இரும்பு இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் வேலையை இழக்கத் துணிந்து, நான் விடிய விடியக் கடைந்து அவளுக்கு மீட்டுக் கொடுத்த கால், அவர்களுடைய மரத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் எழுந்து புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கினாள். தழும்பு காய்ந்து வெளுத்திருந்தது. "அவுங்ககிட்டக் காட்டணும்னுதான் வந்தேன். நீங்களாச்சும் பாருங்க" என்றாள். கையை ஊன்றாமல் குந்தி உட்கார்ந்தாள், கையை ஊன்றாமல் எழுந்தாள். மறுபடியும் ஒருமுறை செய்து காட்டினாள். பிறகு, விடியக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், நேரமாகிறது என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள். கொஞ்சம்கூட நொண்டவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியதை நான் பார்த்துவிட்டேன், டாக்டர். அந்த நடையைப் பார்த்த சந்தோஷம் உங்களுடையது, அதை உங்கள் பேரில்தான் வைத்திருக்கிறேன். கோபம் நம் இருவருக்கும் பொது. உங்கள் பங்கையும் சேர்த்து நான்தான் சுமக்கிறேன், இறக்கி வைக்கிற எண்ணமில்லை.