கீழ் இறக்கையில் என் தையல்

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

பழைய போர்த் தொடர் ஒன்றை டிவியில் மறுபடி போடுகிறார்கள். அதில் வரும் சிவப்பு இரட்டை இறக்கை விமானம் எந்த வகை என்று பிர்னோ நகரத்து விமானப் பிரியர்கள் மாதக்கணக்கில் இணையத்தில் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. கீழ் இறக்கைத் துணியில் பதினாறு வயதில் நான் கோணலாகப் போட்ட ஒட்டுத் தையல் தெரிந்தது. அப்பா தன் கையால் கட்டிய விமானம். அதன் முன்விசிறியைச் சுற்றிவிடும் தொப்பிக்காரன் நீ.

"கொட்டகைச் சாவி ரதிம்கிட்டதான் இருந்துச்சு. அவன்தான் திருடி வித்துட்டான்" என்று, விமானம் காணாமல்போன அன்று அப்பாவிடம் சொன்னாய். என் கணவர் ரதிமையும் என்னையும் முப்பது வருஷம் வாசற்படி ஏறவிடாமலேயே அப்பா இறந்தார்.

ரதிமிடம் அந்தக் காட்சியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பறக்குது. விடும்மா, அவன் மானத்த வாங்காத" என்றார்.

ஞாயிறன்று அப்பாவின் நினைவுநாள் விருந்துக்கு நீ வருகிறாய். சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் அந்தக் காட்சியைப் போடப்போகிறேன். ரதிம் பொறுத்துப்போகிறவர். எனக்கு வாய்த்திருப்பது உன் குணம்.

உன் தங்கை